சபாபதி பட்டியல் புகு படலம்

வாழ்க சபாபதி! தம்போய் நகரின் அடுக்குவீடுகள்தோறும் ஏணி சாய்த்து எண்டிசையும் குளிர் பரப்பிய ஏந்தலே, அழுக்கேறிய ஏசிகளின் அல்லல் தீர்த்த அண்ணலே, வாழ்க! கலைமகளே, இவ்வீரன் ஒரு தொழிற்சாலை வாயிலில் நிகழ்த்திய பெரும்போரைப் பாட என் நாவில் வந்தமர்க. வெயில் கடுமை, குடையோடு வருக.

போரின் காரணம் கேளீர். அத்தொழிற்சாலையின் 'அங்கீகரிக்கப்பட்ட ஒப்பந்தக்காரர் பட்டியல்' என்னும் வைகுண்டத்தில் இடம் வேண்டி, ஓராண்டாகப் படிவம் நிரப்பித் தவங்கிடந்த சபாபதிக்கு அன்று காலை மனைவி பிரேமலாவின் கைப்பேசி வழியே அழைப்பு வந்தது: சர்வர் அறையின் ஏசி படுத்துவிட்டது, பன்னிரண்டு மணிக்குள் வந்து சரிசெய்தால் ஆண்டு முழுவதும் பராமரிப்பு வேலை அவனுக்கே. வேலை கிடைத்துவிட்டதென்று பிள்ளைகளிடம் அப்போதே சொல்லிவிட்டான்.

பத்தரைக்கே படையெடுத்துச் சென்றவனை, கணினி ஈன்ற பட்டியலைக் கேடயமாய் ஏந்தி வாயிற்காவலன் விஜயன் மறித்தான்.

"சபாபதின்னு யாரும் இல்லண்ணே. லிஸ்ட்ல இல்லாதவங்கள விட்டா என் வேல போயிரும் லா."

கேட்டனன், கொதித்தனன், அடையாள அட்டையை வேலென நீட்டினன், ஓட்டுநர் உரிமத்தை வாளென உருவினன், அவையிரண்டும் அக்கேடயத்தில் பட்டு மழுங்கக் கண்டு வானதிர முழங்கினன்:

"தம்போய்ல யார வேணாலும் கேளு! சபாபதி கை வைக்காத ஏசி இருக்கா?"

இருக்கலாம், இல்லாதிருக்கலாம், பட்டியலில் அவன் இல்லை. மும்முறை விரலோட்டித் தேடிய விஜயனுக்கும் பாவமாகத்தான் இருந்தது. வெயில் ஏற ஏற, வீரன் தான் ஓட்டிவந்த வேன்மீது அகன்ற முதுகைச் சாய்த்துச் சோர்ந்து நின்றான். அவனுக்கு அழுகை வந்தது.

அப்போது பிரேமலா அழைத்தாள்.

"என்னங்க, நீங்க இன்னும் வரலன்னு ஆபீஸ்லேர்ந்து கேக்குறாங்க!"

"லிஸ்ட்ல என் பேரு இல்லையாம்மா."

"உங்க பேரு எப்படிங்க இருக்கும்? உங்க ராசிக்கு ஆகாதுன்னு ஜோசியர் சொல்லித்தானே கம்பெனிய என் பேருல பதிஞ்சோம்?"

வீரன் வேனைவிட்டு விலகினான். அதுவரை அம்முதுகு மறைத்திருந்த முழ நீள எழுத்துகள் வெளிப்பட்டன: பிரேமலா கூலிங்.

"இதாண்ணே கம்பெனி? மூணாவது வரியிலயே இருக்கே!" என்று தடுப்பைத் தூக்கினான் விஜயன்.

மணி பன்னிரண்டு ஐந்து ஆகிவிட்டதால் வேலையை நான்காவது வரியில் இருந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.