நவம்பர் இடுப்புவலிக்கு ஓர் ஓவிய முகாம்

என் அப்பாவுக்கு வருடத்தில் பதினொரு மாதம் இடுப்பு என்று ஒன்று இருப்பதே நினைவில் இருக்காது. நவம்பர் கடைசி வாரத்தில் மட்டும் அது வலிக்கும்.

கிம்ஜாங் வருகிறது என்று அந்த இடுப்புக்கு எப்படித்தான் தெரிகிறதோ. குளிர்காலம் முழுவதற்குமான கிம்ச்சியை, எங்கள் கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாயை, ஒரே நாளில் போட்டு முடிக்கும் நாள் அது. எங்கள் வீட்டுக்கு அறுபது முட்டைக்கோஸ். ஒவ்வொரு கோஸிலும் ஒவ்வொரு இலையாகத் தூக்கி, உள்ளே மிளகாய்க் கலவை தடவி, மடித்துக் கட்டி, டப்பாவில் அடுக்க வேண்டும். காலையில் குந்தினால் சாயங்காலம்தான் எழுந்திருக்க முடியும். குந்துவது அம்மாவும் நானும். கிம்ச்சியை மூன்று வேளையும் சாப்பிடுவது அப்பா.

கடந்த ஐந்து வருடக் கணக்கு என்னிடம் இருக்கிறது. இரண்டு முறை இடுப்பு. ஒரு முறை அலுவலக மலையேற்றம். மீதி இரண்டு முறை, அப்பாவின் பள்ளித் தோழர் சோ மாமாவின் தகப்பனார் காலமாகிவிட்டார். இரண்டு முறையும் அதே தகப்பனார்.

"அவருதான் முந்தின வருஷமே செத்துட்டாரே அப்பா?" என்று கேட்டேன்.

"அது வளர்த்தவர். இது பெத்தவர்" என்றார், கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டே. அந்தக் கோட்டு திரும்பி வரும்போது மீன் நாற்றம் அடித்தது.

நான் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. விவாதக் குழுவில் இருக்கிறேன். வீட்டு உழைப்பைப் பங்கிடுவதில் உள்ள அநீதியைப் பற்றி நாற்பது நிமிடம் மூச்சு விடாமல் பேசுவேன். என் சொந்த வீட்டில் அந்த அநீதி வருடா வருடம் மீன் வாடையோடு படியேறி வருவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? இந்த வருடம் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

அப்போதுதான் அந்த அறிவிப்பு வந்தது.

என் தங்கை தன்பிக்கு எட்டு வயது. எங்கள் குடியிருப்பின் கடைக் கட்டடத்தில் மூன்றாவது மாடியில், 'எட்டாவது நிறம்' என்ற ஓவியக்கூடத்துக்கு வாரம் இரண்டு நாள் போகிறாள். அங்கே கொடுத்த ஒரு மஞ்சள் காகிதத்தை அம்மா ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். சரியாக அப்பாவின் மூக்கு உயரத்துக்கு. அதை நான் கவனித்தேன். அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று கவனிக்கவில்லை.

அப்பா பீர் எடுக்கப் போனவர், திறந்த கதவோடு அப்படியே நின்றார்.

"யேசொல் அம்மா, இது என்னது, 'அப்பாவும் நானும், ஒரு நாள் ஓவிய முகாம்'?" அம்மாவை அவர் என் பெயரை வைத்துத்தான் கூப்பிடுவார்.

"அதுவா. தன்பி வகுப்புல குடுத்தாங்க. காலைல ஒன்பதுலேருந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். நீங்க அதைப் பாக்காதீங்க."

"ஏன், நான் பாத்தா என்ன?"

"அன்னைக்குத்தாங்க நமக்கு கிம்ஜாங்."

அப்பாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. ஃப்ரிட்ஜ் விளக்காக இருக்கும் என்று நினைத்தேன். கதவை மூடிய பிறகும் அது போகவில்லை.

பீரைக்கூட மறந்து வந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கேன். ஒரு பிள்ளையோட கற்பனை வளரணும்னா பக்கத்துல தகப்பன் இருக்கணும். இத்தனை வருஷம் அந்தக் கடமையை நான் செய்யலை. இந்த வருஷம் செய்யப் போறேன்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "தன்பி மூணு வருஷமா அங்க போறாப்பா. டீச்சர் பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்."

"டீச்சர் பேரு... ஓவிய டீச்சர்."

"உங்களுக்கு ஓவியமும் வேணாம், கற்பனையும் வேணாம். கிம்ஜாங்குக்குப் பயந்து ஓடுறீங்க."

"நான் எங்க ஓடறேன்? ரெண்டு கட்டடம் தள்ளி எட்டு மணி நேரம் உக்காரப் போறேன்."

"அறுபது கோஸை அம்மா ஒருத்தியே தடவணுமா?"

"நீ இருக்கியே. வாய் தடவுற வேகத்துல கை தடவினா பத்து மணிக்கே முடிஞ்சிடும்."

"நீங்க போகக் கூடாதுப்பா. இது கொள்கைப் பிரச்சினை."

"இந்த வீட்ல நான் எங்க போகணும்னு கொள்கை போடுறது யாரு, நீயா? எடு பேனாவை."

படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அம்மா தலை நிமிராமல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தன்பிதான் காகிதத்தை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"அப்பாக்கள் கொண்டு வர வேண்டியவை. ஏப்ரன். தலையை மூடத் துணி. முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை. அப்பா, வரையறதுக்கு எதுக்குப்பா ரப்பர் கையுறை?"

"கையில வண்ணம் ஒட்டும்லடா கண்ணு. கலைஞனுக்குக் கை முக்கியம்."

அன்று மாலையே கலைஞர் மாடிப்படியில் நின்று கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் 602ஆம் எண் வீட்டு அப்பா. அவர் மகனும் தன்பி வகுப்புதான். "ஒன்பது மணிக்குப் பிள்ளைங்களை உள்ள தள்ளி விடுறோம். பத்து மணிக்கு ஏரியில இருக்கோம். அஞ்சு மணிக்குக் கையில கொஞ்சம் வண்ணத்தைப் பூசிக்கிட்டு வந்துடலாம். தூண்டில் வண்டியிலேயே இருக்கு."

நான் நேராக அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, அவர் முகாமுக்கே போகலை. மீன் பிடிக்கப் போறார். என் காதால கேட்டேன்."

"ஓ" என்றாள் அம்மா.

"ஓவா? அவ்வளவுதானா? உனக்குக் கோபமே வராதாம்மா?"

"வரும். இந்தப் பூண்டை உரி, கண்ணு எரியுது."

எனக்கு அப்பாவை விட அம்மா மேல்தான் ஆத்திரமாக வந்தது. இப்படி ஒருத்தர் பொறுத்துப் போவதால்தான் இன்னொருத்தர் ஏறி உட்காருகிறார் என்று சொன்னேன். அம்மா ஆமோதித்தாள். இன்னொரு கிண்ணம் பூண்டு கொடுத்தாள். வெள்ளிக்கிழமை முழுக்க மிளகாய்த்தூள், மீன் உப்புச்சாறு, முள்ளங்கிச் சீவல், இஞ்சி எல்லாம் சேர்த்து மூன்று பெரிய வாளி நிறையக் கலவை தயார் செய்தோம். அறுபது கோஸுக்கு இது அதிகமில்லையா என்று கேட்டேன். மிஞ்சினால் மிஞ்சட்டும் என்றாள்.

சனிக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு அப்பா விசிலடித்துக்கொண்டே தன்பியின் கையைப் பிடித்தார்.

"இடுப்பு எப்படி இருக்குப்பா?" என்றேன்.

"கலைக்காகத் தாங்கிக்கறேன்."

அவர்கள் போனதும் நான் தரையில் பாய் விரித்தேன், பெரிய தொட்டியை இழுத்துப் போட்டேன், கையுறை மாட்டிக்கொண்டு குந்தினேன். உப்பில் ஊறவைத்த கோஸ் பெட்டிகள் ஹெனாம் ஊர்த் தோட்டத்திலிருந்து காலையில் வந்து சேர வேண்டும். ஒன்பதரை ஆகியும் வரவில்லை. அம்மா உள்ளேயிருந்து வந்தாள். தலை வாரியிருந்தாள். தோளில் துண்டு எட்டிப் பார்க்கும் ஒரு பை.

"அம்மா, கோஸ் இன்னும் வரலை."

"வந்தாச்சு. விலாசம்தான் வேற. அந்த மூணு வாளியையும் தள்ளுவண்டியில வெச்சு ஓவியக்கூடத்துல குடுத்துட்டு வந்துடு."

"நீ எங்க போற?"

"நீராவிக் குளியலுக்கு. தன்பி வகுப்பு அம்மாங்க ஏழு பேரும் போறோம். மெதுவாத்தான் வருவேன்."

வண்டியைத் தள்ளிக்கொண்டு மின்தூக்கியில் மூன்றாவது மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தேன். என் இருபது வருட வாழ்க்கையில் அப்படி ஓர் அழகான காட்சியை நான் பார்த்ததில்லை.

தரை முழுக்க நீலத் தார்ப்பாய். நடுவில் ஏழு வீட்டுக் கோஸும் மலையாக. அதைச் சுற்றித் தலையில் துணி கட்டி, ஏப்ரன் அணிந்து, முழங்கை வரை இளஞ்சிவப்புக் கையுறை மாட்டி, ஏழு அப்பாக்கள் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏழு வரைபலகைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு பிள்ளை.

"யேசொல்" என்று அப்பா கூப்பிட்டார். எனக்குப் பழக்கமில்லாத பணிவான குரல். "இங்க வாம்மா. என் ஷூ காஞ்சிடுச்சான்னு கொஞ்சம் பாரேன்."

ஜன்னல் திண்டில் பதினான்கு ஷூக்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் ஈர வண்ணம். காலையில் முதல் பாடமே அதுதானாம்: 'அப்பாவின் காலணிக்கு நிறம் தீட்டுவோம்.' வாசலில் கழற்றிய அடுத்த நிமிடம் பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவின் ஷூவில் இடது காலில் ஒரு கெண்டை மீனும், வலது காலில் அதன் குடும்பமும் நீந்திக்கொண்டிருந்தன.

தொட்டுப் பார்த்தேன். என் விரலில் கெண்டையின் வால் ஒட்டியது. "சாயங்காலம் ஆகும்பா."

"வேற செருப்பு ஏதாவது?"

"கழிப்பறைச் செருப்பு ஒரு ஜோடி இருக்கு" என்றார் பக்கத்திலிருந்த 602 அப்பா சோர்வாக. "நான் போட்டுட்டு மின்தூக்கி வரைக்கும் போயிட்டேன். கதவு திறந்தா கீழ்க்கடை அம்மாங்க அஞ்சு பேரு. நேரா என் காலைத்தான் பாத்தாங்க. திரும்பி வந்துட்டேன்."

ஓவியக்கூடத்தின் பொறுப்பாளர் பியோ டீச்சர் என் வாளிகளை வாங்கிக்கொண்டார். முப்பது வயதிருக்கும். அமைதியான முகம், காதில் ஒரு தூரிகை. அப்பா அவரைப் பார்த்து எழுந்திருக்க முயன்றார்.

"டீச்சர், இது ஓவிய முகாம்னுதானே..."

"ஓவிய முகாம்தாங்க. அசையற மனுஷனைப் பாத்து வரையறது இன்னைக்குப் பாடம். சும்மா நிக்கறவங்களை யாரு வேணா வரைஞ்சிடலாம். நீங்க நிறுத்திட்டா பிள்ளைங்க எதைப் பாத்து வரைவாங்க?"

"அப்பா, உக்காருங்க" என்றாள் தன்பி, பலகைக்குப் பின்னாலிருந்து. "நான் இன்னும் உங்க கையே போடலை. வேகமா தடவுங்க. மெதுவா தடவினா தூங்கற மாதிரி வருது."

உழைப்புப் பங்கீடு பற்றிய என் நாற்பது நிமிட உரையைத் தொடங்க இதைவிட நல்ல தருணம் கிடைக்காது. ஓடவும் முடியாத ஏழு பேர். ஆனால் அப்பா தலையை நிமிர்த்தி, "இப்ப வேணாம்மா" என்றார். மூக்கு நுனியில் மிளகாய்க் கலவை. சரி என்று விட்டுவிட்டு நானும் ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் காட்சியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக நான் என்ன முட்டாளா?

பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. அப்பா 602 அப்பாவின் கோஸை எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இது, வெளி இலைக்கு மட்டும் பவுடர் பூசின மாதிரி. உள்ள போங்க. அடித்தண்டு வரைக்கும் போகணும்."

"உங்களுது மட்டும் என்னவாம்? கட்டவே தெரியலை, அவுந்து கிடக்கு."

"எங்க அவுந்து கிடக்கு? தூக்கிப் போட்டுப் பாருங்க. பிரியுதான்னு பாப்போம்."

தூக்கிப் போட்டார்கள். பிரியவில்லை. அதன் பிறகு அப்பாவை நிறுத்த முடியவில்லை. வாலிபத்தில் ராணுவத்தில் படுக்கை மடித்ததைப் போல முனையை மடக்கி உள்ளே செருகும் ஒரு முறையைக் கண்டுபிடித்து மற்ற ஆறு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் கோஸின் அடித்தண்டை வெட்டி வண்ணத்தில் முக்கித் தாளில் பதித்தார்கள். ரோஜாப் பூக்களாக வந்தது. அப்பா அதிலும் இரண்டு பதித்தார். நான்கு மணிக்கு இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எந்த இடுப்பு என்றார்.

சாயங்காலம் அப்பா மீன் நீந்தும் ஷூவோடு, தள்ளுவண்டி நிறையக் கிம்ச்சி டப்பாக்களோடு, ஊர்வலம் மாதிரி வீடு வந்து சேர்ந்தார். முன்னால் தன்பி, தன் ஓவியத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு. படத்தில் அப்பா மலை அளவு பெரிதாகக் குந்தியிருந்தார். இரண்டு கைகளும் ரத்தச் சிவப்பு. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு உண்மையிலேயே இருந்தது; நானே பார்த்தேன்.

அம்மா பன்றி இறைச்சி வேகவைத்து, மெலிதாக நறுக்கி வைத்திருந்தாள். அவள் முகம் தேய்த்துக் குளித்ததில் பீச் பழம் மாதிரி பளபளத்தது. அப்பா புதுக் கிம்ச்சியில் இறைச்சியைச் சுற்றி முதல் கவளத்தை அம்மாவின் வாயில் ஊட்டினார். "எப்படி?"

"நான் போடறதைவிட நல்லா இருக்குங்க."

அப்பா உச்சி குளிர்ந்து போனார்.

நான் சமையலறையில் அம்மாவை மடக்கினேன். "ஷூ யாரு யோசனை?"

"பிள்ளைங்க பாடமாச்சே, டீச்சரைக் கேளு."

"முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. வீணா நான் அவரோட மல்லுக்கு நின்னேன்."

"வீணா நிக்கலை. நீ போகக் கூடாதுன்னு நின்னதாலதான் அவர் படிக்காமக் கையெழுத்துப் போட்டாரு. நான் போங்கன்னு சொல்லியிருந்தா, மூணு தடவை படிச்சிருப்பாரு." கரண்டியைக் கழுவிக்கொண்டே சேர்த்தாள்: "நல்லாப் பேசினே. உன்னை நம்பித்தான் காகிதத்தையே ஒட்டினேன்."

இரண்டு வருட விவாதப் பயிற்சி. அதற்கு அந்த ஃப்ரிட்ஜ் காந்தத்தின் மரியாதைதான். கழுவிய கரண்டியை வாங்கித் துடைத்தேன். வாதாடாமல் ஒரு வேலை செய்தது எனக்கு அதுதான் முதல் முறை.

கூடத்தில் அப்பா என்னை அருகே அழைத்தார். வயிறு நிறைந்த மனிதரின் ரகசியக் குரல்.

"உங்கம்மா என்னைச் சிக்க வெச்சுட்டான்னு எனக்குத் தெரியாம இல்லை. அடுத்த வருஷம் நடக்காது. முகாம், மலை, சோவோட அப்பா, எதுவும் கிடையாது. கிம்ஜாங் அன்னைக்கு இந்த வீட்டை விட்டு ஒரு அடி நகர மாட்டேன். அவ என்ன பண்றான்னு பாக்கறேன்."

இந்த வாதத்தில் இருந்த ஓட்டையைச் சுட்டிக்காட்ட நான் மூச்சை இழுத்தபோது, சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. ஹெனாம் தோட்டக்காரரிடம் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமாங்க, அடுத்த வருஷம் வீட்டு விலாசத்துக்கே அனுப்பிடுங்க. அறுபது இல்லை, எண்பதாப் போட்டுக்கங்க."