எய்ஜிரோ மூன்று லட்சம் யென் கோட்டையைத் தாக்கிய படலம்

வாழ்க சோமா எய்ஜிரோ! வடபுலத்து ஹிரோசாகி நகரின் ஆப்பிள் கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தராசின் முன் நின்று, பல்லாயிரம் பெட்டிகளை எடைபோட்டு, ஒரு பெட்டியிலும் ஒரு கிராம் பிசகாத நிறைகோல் வழுவா நெடுந்தகை; கம்பளிக் குல்லாய் புனைந்த கடுஞ்சினத்தான்; டிசம்பர் தொடங்கி மார்ச் ஈறாக நாள்தோறும் விடியலில் மண்வாரி ஏந்தி, வானம் இறக்கிய வெண்படையை வாசலிலேயே மறித்துச் சிதறடித்து, அது மறுநாளும் வெட்கமின்றி வந்து நின்றாலும் மனம் தளராத மாவீரன்; அறுபத்தெட்டு அகவையில் இடுப்புவலியையே விழுப்புண்ணாய்ப் பெற்ற எங்கள் தெருவின் தலைவன், அவன் புகழ் பாடப் புகுந்தேன். பெயர் பொறித்த முத்திரைக் கட்டையே, சிவப்பு மைக் கூடே, படிவங்களைக் காக்கும் தெய்வங்களே, முன்னின்று அருள்வீராக! என் பெயர் கோன், எதிர்வீட்டில் இருக்கிறேன்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள். சென்ற ஆண்டு பிப்ரவரியில் கூரைப்பனி தள்ள ஏறிய முதியவர் ஒருவர், தள்ளிய பனியோடு தாமும் கூடவே இறங்கி, வலக்கால் எலும்பு இரண்டாகப் பிளந்து, ஊர் பார்க்க ஆம்புலன்ஸில் ஏறினார். அந்த முதியவர் நான்தான். என் அலறலைக் கேட்டு முதலில் ஓடிவந்த எய்ஜிரோ, என் காலைப் பார்த்தான், என் கூரையைப் பார்த்தான், பிறகு தன் கூரையை நெடுநேரம் பார்த்தான். அன்றிரவு மிசோ சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் மனையாள் தொமோயேயிடம் வஞ்சினம் உரைத்தான்.

"தொமோயே, கேட்டுக்கோ! அடுத்த வருஷம் நான் அந்தக் கூரையில ஏறினா என் பேரு எய்ஜிரோ இல்ல. தெற்கே போறோம். பனின்னா என்னன்னே தெரியாத ஊருக்கு. ரெண்டு பேருமா!"

"சூப்பு ஆறுது, குடிங்க" என்றாள் அவள்.

அவன் குறித்த தென்கடல் நாட்டின் பெயரை நான் சொல்லமாட்டேன், சொன்னால் அங்கிருந்து யாராவது கிளம்பி வந்து சட்டம் பேசுவார்கள். ஓய்வுபெற்றோரை அழைத்து நீண்டகால விசா நல்கும் அந்நன்னாட்டைச் சுற்றி எழுந்து நின்றது ஒரு கோட்டை. தனியாள் வந்தால் மாதவருமானம் ஒரு லட்சத்து எண்பதாயிரம் யென் காட்ட வேண்டும். மணமான இருவர் வந்தால் இருவருக்குமாகச் சேர்த்து மூன்று லட்சம். அகழியும் இல்லை, யானைப்படையும் இல்லை, இந்த ஒரே ஒரு வரிதான்.

அக்கோட்டையின் உயரத்தை அளக்க வேண்டி, நம் தலைவன் தன் வாழ்நாளிலேயே முதன்முறையாக அலமாரி இழுப்பறையைத் திறந்து, வங்கிப் புத்தகங்களைக் கண்ணுற்றான். முதன்முறையா என்று வியக்காதீர்கள். எங்கள் தலைமுறையில் சம்பளம் மனைவி கைக்குப் போகும். மனைவி கையிலிருந்து கைச்செலவுக்காசு திரும்பி வரும். நடுவில் நடப்பதைக் கேட்பது ஆண்மைக்கு அழகன்று. பணியில் இருந்தபோதும் சரி, ஓய்வுபெற்ற இந்த மூன்றாண்டிலும் சரி, ஒவ்வொரு மாதமும் பதினைந்தாம் நாள் தொமோயே உறையில் இருபதாயிரம் யென் வைத்துக் கொடுப்பாள். ஒரு மாதம் தவறியதில்லை.

தவறியிருக்கலாம்! தவறியிருந்தால் இந்தக் காவியமே பிறந்திராது. ஓய்வூதியம் எங்கள் நாட்டில் ஒரு மாதம் விட்டு ஒரு மாதம்தான் வரும், இரண்டு மாதத்துக்கும் சேர்த்து. இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மாதந்தோறும் உறை பெற்ற மாவீரன், மாதந்தோறும் ஓய்வூதியம் வருவதாகவே நம்பியிருந்தான். தன் புத்தகத்தில் ஓய்வூதிய வரவாக மூன்று லட்சத்து எண்பத்துநாலாயிரம் கண்டான், அவள் புத்தகத்தில் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் கண்டான், கூட்டினான், கூரை அதிர எழுந்தான்.

"அஞ்சு லட்சம்! அவன் கேக்கறது மூணு, நம்மகிட்ட இருக்கறது அஞ்சு! மிச்சம் ரெண்டு லட்சத்தை அவனுக்கே இனாமா குடுத்துடலாம் போல இருக்கே!"

தொமோயே ஆப்பிள் தோலை அறுபடாமல் ஒரே சுருளாகச் சீவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை, அதற்கொரு காரணம் அவள் கைப்பையின் அடியில் துணி சுற்றிக் கிடந்தது.

இவ்வண்ணம் ஜனவரி இருபதாம் நாள், முழங்கால் ஆழப் பனியில் வழி வெட்டி, மனையாளைப் பின்னே நடத்தி, படிவம் ஏழும் நகல் பதினான்கும் கக்கத்தில் இடுக்கி, பேருந்தேறி, இரயிலடி எதிரே இரண்டாம் மாடியிலிருந்த விசா ஆலோசனை நிலையத்துள் நுழைந்தான் எய்ஜிரோ. மேசைக்கு அப்பால் மூக்குக்கண்ணாடியும் ஸ்டேப்ளருமாக வீற்றிருந்தவன் குதோ. அவன் என் மைத்துனன், வாயில் பூட்டு கிடையாது. அங்கே நடந்தது எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

குதோ படிவத்தைப் பார்த்தான். வங்கிப் புத்தகத்தைப் பார்த்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"சோமா ஐயா, இது ரெண்டு மாசத்துப் பணம்ங்க."

"எது?"

"இது எல்லாமே. பாதியாக்கணும். மாசத்துக்கு ரெண்டரை லட்சம்தான் வருது. அம்பதாயிரம் குறையுது."

ஐயகோ! இலட்சம் பெட்டியை எடைபோட்டவன் தன் பெட்டியில் பாதி காலியென்று அறிந்த அக்கணத்தை எவ்வாறு உரைப்பேன்! குல்லாய் நழுவிற்று, இடுப்பிலிருந்த விழுப்புண் சுளீரென்றது, கண்முன்னே தென்னையும் கடலும் கலைந்து, அவன் வீட்டுக் கூரை, ஒரு முழப் பனியோடு, பல்லிளித்துக்கொண்டு வந்து நின்றது. குதோ இளகிய மனத்தான், ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னான், அதுதான் வினையாயிற்று.

"ஐயா மட்டும்னா தாராளமா போலாம். உங்க பென்ஷன் மட்டுமே மாசம் ஒரு லட்சத்துத் தொண்ணூத்திரண்டாயிரம் வருதே. தனியாளுக்கு ஒண்ணு எண்பது போதும்."

தொமோயே நிமிர்ந்து கணவன் முகத்தை நோக்கினாள். அந்த அறையில் சுவர்க்கடிகாரம்கூட நின்றிருக்கும், மின்கலத்தில் ஓடாமல் இருந்திருந்தால். கூரை வேண்டாமென்று வஞ்சினம் உரைத்தவனுக்குக் கதவு திறந்தே கிடந்தது. ஒற்றை ஆளாய் உள்ளே புகுந்தால் இடுப்பு பிழைக்கும், கால் பிழைக்கும்.

எழுந்தான் எய்ஜிரோ. மேசையில் ஓங்கி அறைந்தான். ஸ்டேப்ளர் துள்ளி வீழ்ந்தது.

"யோவ் குதோ! அவ இல்லாம நான் எங்கய்யா போவேன்? என் சாக்ஸ் எந்த டிராயர்ல இருக்குன்னே எனக்குத் தெரியாது! பென்ஷன் எப்ப வருதுன்னே தெரியாது, இப்பதானே பாத்தே! அவ வராத ஊரு எனக்கு வேணாம். நான் கூரையிலயே ஏறிக்கிறேன், விழுந்தா விழறேன், போ!"

காதல்மொழி இதனினும் சிறந்தது எங்கள் ஊரில் நான் கேட்டதில்லை. தொமோயே கைப்பையைத் திறந்தாள். துணிச்சுற்றைப் பிரித்தாள். உள்ளிருந்து வெளிப்பட்டது மூன்றாவதாக ஒரு வங்கிப் புத்தகம்.

"இதையும் சேத்துக்குங்க, குதோ" என்றாள். "மாசம் அம்பத்திரண்டாயிரம். பதினோரு வருஷ வரி ரசீதும் இருக்கு."

"இது என்னடி?" என்றான் தலைவன்.

"எங்க சித்தி விட்டுட்டுப் போன நெலம்."

"அது புல் மண்டிக் கெடக்குதுன்னு சொன்னியே!"

"பல் டாக்டர் கிளினிக்குக்கு வர்ற எட்டு கார் வாடகைக்கு நிக்குது."

"பதினோரு வருஷமாவா? எங்கிட்ட சொல்லாம எதுக்கு?"

"உங்களை விட்டுட்டுப் போறதுக்குத்தான்."

குதோ வீழ்ந்த ஸ்டேப்ளரைத் தேடுவதாகப் பாவனை செய்து மேசைக்கடியில் புகுந்துகொண்டான். தொமோயே குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை.

"ரிடையரானப்புறம் நாள் முழுக்க வீட்டுல உக்காந்து சூப்பு எங்க, கத்தரிக்கோல் எங்கன்னு கேப்பீங்களேன்னு பயம். நீங்க ரிடையரான மறுநாளே பெட்டி கட்டிட்டேன். பூ அலங்கார வகுப்புக்குப் போறேன்னு ராத்திரியே சொல்லி வச்சேன். காலையில கதவைத் தொறந்தா ஒரே பனி. ஆனா வாசல்லேருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் வழி வெட்டியிருக்கு. எனக்கு முட்டி வலின்னு, வழுக்கக்கூடாதுன்னு, சாம்பல் வேற தூவியிருக்கீங்க. அவ்வளவு சுத்தமான வழியில நடந்து ஓடிப்போக எனக்கு மனசு வரலைங்க. திரும்பி வந்து பெட்டியைப் பிரிச்சுட்டேன்."

மாவீரன் அழுதான். ஆம், அழுதான், குல்லாயால் மூக்கைத் துடைத்தான், இதை மறைத்தால் எனக்குப் பாவம் சேரும். மேசைக்கடியிலிருந்து குதோவின் குரல் கூட்டிச் சொன்னது: மூன்று லட்சத்து இரண்டாயிரம்! கோட்டை வீழ்ந்தது! கதவு தகர்ந்தது! முரசு இல்லாத குறைக்கு முத்திரைக் கட்டை படிவம் ஏழிலும் டக்டக்கென முழங்கிற்று!

படியிறங்கும்போது தலைவனுக்கு ஒரு கவலை முளைத்தது.

"தொமோயே, அந்த ஊர்ல பனியே இல்லியே. நீ ஓடிப் போகாம இருக்க நான் அங்க என்னத்தை வெட்டறது?"

"தேங்காய் வெட்டுங்க" என்றாள் அவள்.

விசா கைக்கு வர எப்படியும் ஆறு மாதம் ஆகும் என்று குதோ சொல்லியிருந்ததால், மறுநாள் காலை எய்ஜிரோ வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை பனி அள்ளினான்.