இளஞ்சூடு

எடையளவுத் துறையின் கடமை, கடைக்காரர்களின் தராசு நேராக நிற்கிறதா என்று பார்ப்பது. என் வீட்டுக்காரர் அதில் ஆய்வாளர். துறை இயக்குநருக்கு அதைவிடப் பெரிய கடமை ஒன்று இருந்தது: சினிமாப் பின்னணி இசையை ரெக்கார்டில் சேகரிப்பது.

பாட்டு அல்ல. பாட்டை யார் வேண்டுமானாலும் கேட்பார்கள். கதாநாயகி மாடிப்படி ஏறும்போது வரும் வயலின், கொலைகாரன் கதவைத் திறப்பதற்கு முந்தைய மௌனம், இவைதான் சேகரிக்கத் தக்கவை. படத்தைப் பார்த்திருக்கக் கூடாது என்பது கூடுதல் தகுதி.

இணை இயக்குநர் சிடி கட்சி. "ரெக்கார்டுல வர்றது இசையா, எண்ணெய் காயற சத்தமா?" என்பார்.

"சிடி ஆஸ்பத்திரி மாதிரிய்யா. சுத்தமா இருக்கும், ஒருத்தனும் தங்க மாட்டான். ரெக்கார்டுலதான் இளஞ்சூடு இருக்கு" என்பார் இயக்குநர்.

எத்தனை டிகிரி என்று எடையளவுத் துறையில் ஒருவரும் கேட்கவில்லை. அலுவலகம் இரண்டாகப் பிரிந்தது. காபி இயந்திரம் மட்டும் நடுநிலை வகித்தது.

அந்த வருடம் தீவுக் கிளைக்கு ஓர் ஆய்வாளரை அனுப்பியாக வேண்டும். யாரை என்பது இயக்குநர் கையில். தீவில் இருப்பது ஒரே தராசு, அதுவும் பழுது. டாக்டர் கிடையாது. எங்கள் பாப்பாவுக்கு இரண்டு வயது, மூச்சிரைப்பு. மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாகக் கொடுக்கும் நெபுலைசர் கட்டிலோரம் எப்போதும் தயாராக நிற்கும். அதற்கும் அடங்காவிட்டால் தெருமுனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். தீவில் படகுக்குக் காத்திருக்க வேண்டும். நான் காத்திருப்பேன். அவள் மூச்சு காத்திருக்காது.

ஆகவே என் வீட்டுக்காரர் ரெக்கார்டு ரசிகரானார். பிளேயர் ஒன்றும், யாரோ யாரையோ துரத்தும் காட்சியின் இசைத்தட்டு ஒன்றும் வீட்டுக்கு வந்தன. நடந்தால் ஊசி துள்ளும் என்பதால் வீட்டில் நடப்பது தடை செய்யப்பட்டது. நடக்கக் கற்றிருந்த பாப்பா மறுபடி தவழக் கற்றாள்.

பலன் கிடைத்தது. "ஞாயிற்றுக்கிழமை உங்க வீட்டு இளஞ்சூட்டை வந்து பார்க்கறேன். தீவு விஷயத்தை அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்றார் இயக்குநர். இணை இயக்குநரும் பார்வையாளராக வருவதாக அறிவித்தார்.

ஞாயிறு காலை பாப்பா தன் பொம்மையை இசைத்தட்டின்மேல் உட்காரவைத்து ராட்டினம் சுற்றினாள். ஊசி ஒடிந்தது. நான் முதலில் அவள் வாய்க்குள் விரல் விட்டுத் தேடினேன். ஊசி பொம்மையின் தலைமுடியில் இருந்தது.

"நல்லவேளை, முழுங்கல" என்றேன்.

"அது சரி. இப்ப அவங்க காதுல எதைப் போடறது?" என்றார் வீட்டுக்காரர்.

அடுத்த வீட்டு ஆய்வாளர் சிடி கட்சி. அவர் மனைவியிடம் அதே இசையின் சிடியும் பிளேயரும் இரவல் கேட்டேன்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடாதீங்க."

"சொன்னா என்னையும் உன்கூடவே துரத்திடுவார். எடுத்துட்டுப் போடி."

படுக்கையறை வாசலில் சிடி பிளேயரை வைத்தேன். பொய் சொல்லக் கூடாது என்று கான்வென்ட்டில் சிஸ்டர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் நான் எதுவும் சொல்லவில்லை. திரைச்சீலையை மட்டும் இழுத்துவிட்டேன்.

விருந்தினர்கள் அமர்ந்தார்கள். கூடத்தில் இசைத்தட்டு சும்மா சுற்றியது. திரைக்குப் பின்னால் சிடி துரத்தியது. இயக்குநர் கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கினார்.

"என்னமோ குறையுதே."

வீட்டுக்காரருக்கு வியர்த்தது. அந்த நேரம் பார்த்து உள்ளே பாப்பாவுக்கு இழுக்க ஆரம்பித்தது. தீவு, இயக்குநர் எல்லாம் மறந்துபோயிற்று. முகமூடியை மாட்டி நெபுலைசரைப் போட்டேன். 'கொர்ர்' என்று அது இரைந்தது.

"ஆங், வந்திருச்சு. கேட்டீங்களா? இதுதான் இளஞ்சூடு" என்றார் இயக்குநர்.

"இந்த இரைச்சலை மனுஷன் கேப்பானா? இதுக்குத்தான் சிடி வேணுங்கறேன்" என்றார் இணை இயக்குநர்.

"ஏழு ஜென்மம் எடுத்தாலும் சிடியில இது வராதுய்யா."

மூச்சு சீரானதும் பாப்பாவுக்கு விருந்தாளிகளைப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. நான் பிடிப்பதற்குள், முகமூடியோடும் குழாயோடும் கூடத்துக்கு நடந்தாள். குழாயில் சிக்கித் திரைச்சீலை அறுந்து விழுந்தது. உள்ளே சிடி சுற்றிக்கொண்டிருந்தது. நெபுலைசர் இரைந்துகொண்டிருந்தது.

எனக்குப் படகு தெரிந்தது.

இயக்குநர் சிடியைப் பார்த்தார். முகமூடிக்குள் இருந்த குழந்தையைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனி?" என்று கேட்டார்.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. துல்லியம் சிடியிலிருந்தும், இளஞ்சூடு நெபுலைசரிலிருந்தும் பெறத்தக்கது என ஆய்வில் உறுதிப்பட்டிருந்தது. இரு தரப்பும் வென்றுவிட்டதால் தண்டிக்க ஆள் இல்லை. தீவுப் பணியிடம் நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு நிறுத்திவைக்கப்பட்டது. பழுதான தராசு அங்கே நிம்மதியாக இருக்கிறது.

நெபுலைசர் இல்லாத அதிகாரி காது கேளாதவராகக் கருதப்பட்டார். பிறகு அதிகாரிகளைப் பார்த்து வங்கிக்காரர்கள் வாங்கினார்கள். அவர்களைப் பார்த்து அவர்களின் சம்பந்திகள் வாங்கினார்கள். பழைய மாடலின் இரைச்சலில்தான் ஆழம் அதிகம் என்று தனிக் கட்சியும் கிளம்பியது. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் எங்கள் இயந்திரத்தின் மோட்டார் புகைந்துவிட்டது. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினேன்.

"நெபுலைசரா? ஊர்லயே ஸ்டாக் இல்லம்மா" என்றார் கடைக்காரர். "உங்களுக்கு எதுக்கு, துரத்தலுக்கா, சோகத்துக்கா?"

"குழந்தைக்குங்க."

அவர் பாப்பாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார். பெட்டி நிறையக் குட்டிக் குட்டி முகமூடிகள்.

"இதை வேணும்னா சும்மாவே அள்ளிக்கிட்டுப் போங்க. மெஷின் வாங்கறவங்க யாரும் இதைத் தொடறதே இல்ல."