சிக்ஸ்டனை மேற்கோள் காட்டுங்கள்

கோட்டைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்து, சிக்ஸ்டன் எக்வால் தன் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்தார். இன்றும் ஏறவில்லை. இரண்டு மாதமாக அது கல்லுளிமங்கன் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது.

உண்ணிகள் கடித்துப் பரப்பும் கிருமிகளைப் பற்றி வருடக்கணக்கில் எழுதி வருகிறவர் அவர். எவராவது தங்கள் கட்டுரையில் இவருடைய கட்டுரை ஒன்றைக் குறிப்பிட்டால் அந்த எண்ணிக்கை ஒன்று கூடும். உப்சாலா நகரில் அவர் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தில் ஒரு பேராசிரியர் பதவி காலியாகியிருந்தது. போட்டியில் இரண்டே பேர், இவரும் பக்கத்து அறை குனில்லாவும். எண்ணிக்கையில் குனில்லா ஐந்து கூடுதல்.

"வளருதா?" என்றார் குனில்லா, காபிக் கோப்பையோடு கதவில் சாய்ந்துகொண்டு.

"எது?"

"உன் நம்பர்தான். தினம் காலைல தண்ணி ஊத்துறியே, முளை விட்டுச்சான்னு கேட்டேன்."

சிக்ஸ்டன் கணினியைப் பட்டென்று மூடினார்.

அன்று மதியமே கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. ஒரு பத்திரிகை, உண்ணிக் கிருமி பற்றிய கட்டுரை ஒன்றை மதிப்பிட்டுத் தரச் சொல்லி அனுப்பியிருந்தது. எழுதியவர் யாரென்று இவருக்குத் தெரியாது, மதிப்பிடுவது யாரென்று அவருக்குத் தெரியாது. அதுதான் வழக்கம். பத்திரிகை ஆசிரியருக்கு மட்டும் தெரியும். அவர் செத்தாலும் சொல்ல மாட்டார்.

சிக்ஸ்டன் கட்டுரையைப் புரட்டினார். ஓரிடத்தில்கூட அவர் பெயர் இல்லை.

"கட்டுரை நன்று. எக்வாலின் ஏழு கட்டுரைகளை மேற்கோள் காட்டினால் இன்னும் நன்று" என்று எழுதி அனுப்பினார். ஆசிரியர் கண்டுகொள்ளாமல் அதை எழுதியவருக்கு அனுப்பிவிட்டார். இந்தக் காலத்தில் மதிப்பிட ஆள் கிடைப்பதே அவருக்குக் குதிரைக்கொம்பு.

எழுதியவரிடமிருந்து பதில் வந்தது: "ஏழில் ஒன்றுகூட எங்கள் ஆய்வுக்குப் பொருந்தவில்லை. மதிப்பீட்டாளர் எக்வாலுக்கு உறவா?"

சிக்ஸ்டன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மதிப்பிடும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு தன் பெயரைத் தானே திணித்தது தெரிந்தால், பேராசிரியர் பதவி என்ன, காபி அறையில்கூட உட்கார முடியாது. தான் எக்வால் இல்லை என்று காட்டியாக வேண்டும். அதற்கு ஒரே வழி, எக்வாலைத் திட்டுவது. திட்டினால் என்ன, அதுவும் மேற்கோள்தான். எண்ணுகிற இயந்திரத்துக்குப் புகழ்ச்சியும் வசையும் ஒன்று.

"எக்வால் எனக்கு உறவில்லை. அவர் ஆய்வில் பிழைகள் மலிந்திருக்கின்றன. அவற்றைச் சுட்டிக்காட்டவாவது ஏழையும் குறிப்பிடுங்கள்" என்று எழுதினார்.

"என்ன பிழைகள்? விவரமாகச் சொன்னால் சேர்க்கத் தயார்" என்று பதில் வந்தது.

ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று. மேம்போக்காக எழுதினால் மறுபடி சந்தேகம் வரும். சிக்ஸ்டன் மூன்று பக்கம் எழுதினார். உண்ணிகள் இருந்த குளிர்பெட்டியிலேயே ஊறவைத்த மீன் புட்டியும் இருந்திருக்க வேண்டும், சாப்பாட்டு வேளைதோறும் கதவு திறந்து குளிர் குறைந்திருக்கிறது, பாதி முடிவுகள் அதனால்தான் கோணியிருக்கின்றன என்று ஒன்று விடாமல் எழுதினார். எழுத எழுத அவருக்கு உற்சாகம் பிறந்தது. வாழ்நாளில் இவ்வளவு தெளிவாக அவர் எதையும் எழுதியதில்லை.

கட்டுரை வெளிவந்தது. ஏழு மேற்கோள்களும் அதில் இருந்தன. எண்ணிக்கையில் குனில்லாவைத் தாண்டியாயிற்று. அன்று சிக்ஸ்டன் அவர் அறையை எட்டிப் பார்த்து, "முளை விட்டுடுச்சு" என்றார்.

பதவிக்கான நேர்காணலுக்கு, வெளியாள் ஒருவர் வந்து மதிப்பிட வேண்டும் என்ற விதிப்படி லுண்ட் பல்கலைக்கழகத்திலிருந்து மாய்கென் என்ற பேராசிரியர் வந்திருந்தார்.

"உங்க மேற்கோள் சமீபத்துல ஏழு கூடியிருக்கு" என்றார் மாய்கென்.

"ஆமா" என்றார் சிக்ஸ்டன், அடக்கமாக.

"ஏழும் என் கட்டுரைலேருந்துதான்."

சிக்ஸ்டனுக்குக் காபி புரையேறியது.

"யாரோ ஒருத்தர் மூணு பக்கத்துல உங்களப் பிரிச்சு மேஞ்சிருக்காரு" என்று காகிதங்களை நகர்த்தினார் மாய்கென். "இதுல ஏதாவது தப்புன்னு உங்களால சொல்ல முடியுதா?"

சிக்ஸ்டன் படிப்பதுபோல் நடித்தார். மறுத்துவிடலாம்தான். ஆனால் தன் எழுத்திலேயே ஆகச் சிறந்ததைத் தப்பென்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"எல்லாம் சரிதான்" என்றார்.

"அப்ப உங்களுக்கு எப்படிங்க பதவி குடுக்கறது? என்னா மூளை பாருங்க இவருக்கு. இந்த மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும். யாருன்னு மட்டும் தெரிஞ்சா, கையோட நாற்காலில உக்கார வெச்சிடுவேன்."

சிக்ஸ்டன் வாயைத் திறந்தார். அந்த மூன்று பக்கமும் தன்னுடையது என்றால், ஏழு மேற்கோள் கேட்டதும் தானேதான் என்றாகிவிடும். வாயை மூடிக்கொண்டார். வெளியே வந்தபோது குனில்லா உள்ளே போனார்.

அடுத்த வாரம் காபி அறையில் பச்சை நிறக் கேக் ஒன்று காத்திருந்தது. அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் யேர்டா கத்தியோடு நின்றிருந்தார்.

"யாருக்கு?" என்று கேட்டார் சிக்ஸ்டன்.

"குனில்லாவுக்கு. பேராசிரியர் ஆயிட்டாள்ல."

"எப்படி? எண்ணிக்கைல நான்தானே மேல."

யேர்டா ஒரு துண்டை வெட்டி அவர் தட்டில் வைத்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னேன்னு சொல்லிடாத. மாய்கென் காட்டின அந்த மூணு பக்கத்த எழுதினது தான்தான்னு நேர்காணல்ல தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒத்துக்கிட்டாளாம். நீ போட்டிக்காரனா இருந்தும், உன் கட்டுரை ஏழையும் போட்டே ஆகணும்னு விடாப்பிடியா நின்னாளே, அந்தப் பெரிய மனசு யாருக்கு வரும்னு மாய்கென் கண் கலங்கிட்டாங்களாம்."