ஜூம் அண்ணனும் என் வெள்ளைப் பருக்களும்

பதுளையில் முகம் என்று ஒன்றை வைத்திருந்த எவரும் ஜூம் அண்ணனிடம் திட்டு வாங்காமல் தப்பியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ வைத்திருந்தார். அடையாள அட்டைக்குப் படமெடுக்கப் போனால், கம்பியூட்டர் திரை முழுக்க மூக்கு மட்டும் தெரியும்வரை படத்தைப் பெரிதாக்கிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். ஒரு பொலிஸ்காரரிடமே, காதுக்குப் பின்னால் சோப்பு போடுவதில்லையா என்று கேட்டவர். அவருடைய சொந்தப் பெயர் கடைப் பலகையில் இருந்தது. யாரும் படித்ததில்லை.

நான் பூனாகலைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஹல்துமுல்லையிலிருந்து ஒரு வரன் வந்து, படம் கேட்டிருந்தார்கள். என் நெற்றியிலும் தாடையிலும் ரவையைத் தூவியது போல வெள்ளைப் பருக்கள். படத்தில் அவற்றை அழித்துத் தரும்படி அம்மா கேட்டார். ஜூம் அண்ணன் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"அழிச்சிரலாம்மா. மாப்பிள்ள வீட்டுக்காரங்க நேர்ல வர்றப்ப நானும் கூட வந்து அழிக்கணுமே, அதுக்கு என்ன செய்றது?"

அம்மாவுக்குக் கோபம், எனக்கு அழுகை. அவர் இரண்டையும் கவனிக்காமல் விசாரணையைத் தொடங்கினார். பெயர் ஒட்டாத டப்பாவில் வாங்கிய வெள்ளைக் கிறீமைச் சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டார். நெற்றிவரை வழியும் தேங்காயெண்ணெயைச் சொன்னேன். தலையில் கை வைத்தார். ஹேர்பின்னால் குத்தி எடுப்பதைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். அப்புறம் குரலை இறக்கி, தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இந்தக் குழியெல்லாம் நான் வயசுல கிள்ளுனது டீச்சர். நீங்க கிள்ளாதீங்க."

அது அழுக்கே இல்லை என்றார். தோலில் ஊறும் எண்ணெயும் செத்த தோலும் மயிர்த்துளையை அடைத்துக்கொள்ள, மேலே தோல் மூடிவிடுகிறது. தேய்த்தால் புண்தான் மிச்சம். இரண்டு வேளை மென்மையாகக் கழுவுவது, எண்ணெயை நெற்றிக்கு இறங்கவிடாமலிருப்பது, டப்பாவைத் தூக்கிப் போடுவது, ஆஸ்பத்திரி தோல் கிளினிக்குக்குப் போவது என்று எல்லாவற்றையும் ஒரு போட்டோ உறையில் எழுதிக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டுக்குப் படம் முகம் தெளிந்த பிறகுதான் என்றுவிட்டார். கிளினிக் டொக்டரும் அதையேதான் சொல்லி, இரவில் மெல்லிதாகப் பூச ஒரு களிம்பும் தந்தார். இதைக் கேள்விப்பட்ட ஜூம் அண்ணன் மூன்று நாளைக்கு வந்தவர்களிடமெல்லாம் தானே டொக்டர் மாதிரிப் பேசினார்.

இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை என்னை அதே ஸ்டூலில் உட்கார்த்தி, அதே வெளிச்சத்தில் படமெடுத்துப் பார்ப்பார். மூன்றாவது வாரம் தோல் உரிந்து, பருவும் கூடியது. சண்டைக்குப் போனேன். இரண்டு மூன்று மாதமாகும் என்று முதலிலேயே சொன்னேனே என்று சொல்லி, மறுபடி டொக்டரிடம் அனுப்பினார். டொக்டர் களிம்பை ஒரு நாள் விட்டு ஒரு நாளாக்கினார்.

படத்துக்குக் காத்திருந்து அலுத்துப்போன மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் வந்து நின்றார்கள். என் மூக்கு அவித்த உருளைக்கிழங்கு போல உரிந்துகொண்டிருந்தது. தேத்தண்ணீர் கொடுத்துவிட்டுக் குனிந்தே நின்றேன். தனியாகப் பேசச் சொல்லிப் பெரியவர்கள் வாசலுக்குப் போனார்கள். மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"என்ன மருந்து போடுறீங்க?"

நிமிர்ந்து பார்த்தேன். அவர் நெற்றியில் என்னைவிட அதிகம். போட்டோ உறையை எடுத்துவந்து முழுதும் படித்துக் காட்டினேன். இவ்வளவு நேரம் பேசுகிறார்களே, பொருத்தம்தான் என்று வாசலில் முடிவாகிவிட்டது.

கல்யாணத்தன்று என் தாடையில் இரண்டே இரண்டு பரு மிச்சம். அழைக்காமலே கெமராவோடு கோயிலுக்கு வந்த ஜூம் அண்ணன் நூற்றுக்கணக்கில் படமெடுத்தார். தாலி கட்டிய நேரத்துப் படங்கள் மட்டும் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. கேட்டதற்குக் கெமராவில் கோளாறு என்றார். கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் எடுத்தார் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.

மங்கலான அந்தப் படங்களில் ஒன்றைத்தான் பெரிதாக்கி முன்னறையில் மாட்டியிருக்கிறோம்.