முகத்தில் அடிக்காத டார்ச்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் நடமாடுகிற அத்தனை மனிதர்களையும் முழங்காலுக்குக் கீழே மட்டும் பார்த்தே ஓர் ஆயுளில் பாதியைக் கழித்தவர் டார்ச் மாமா. அவருக்குப் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் இருக்கும். நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

சிதம்பரத்தில் ஒரு தியேட்டரில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தார். படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களை டார்ச் காட்டி அழைத்துப்போய் உட்கார வைப்பதுதான் உத்தியோகம். கையில் ரெண்டு செல் டார்ச். கண்ணாடியை இரண்டு விரலால் மூடிக்கொண்டு, மிச்சமுள்ள வெளிச்சத்தைக் காலடியில் மட்டும் விழவைப்பார். "பாத்து வாங்க, படி. இன்னொரு படி. அவ்ளோதான், உக்காருங்க." அந்தத் தியேட்டரில் எத்தனையோ கதாநாயகர்கள் வந்து எவ்வளவோ பேசிவிட்டுப் போனார்கள். மாமா இந்த ஒரே வசனத்தை வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் ஓட்டினார். யார் முகத்திலும் வெளிச்சம் படக்கூடாது. யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பது தன் வேலை இல்லை என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியின் பலனை நான் நேரடியாக அனுபவித்திருக்கிறேன். கல்லூரி விடுதியில் இருந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஏழு பேர் பொய் சொல்லிவிட்டு மாட்னிக்குப் போயிருந்தோம். இடைவேளை முடிந்த கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வார்டன் வந்துவிட்டார்.

"ஒவ்வொரு வரிசையா மூஞ்சில லைட் அடிங்க. எங்க பொண்ணுங்க இருக்காங்களான்னு பாக்கணும்."

"மூஞ்சில அடிக்கற வழக்கம் இங்க இல்லீங்க மேடம். கால வேணா காட்டறேன்."

சரி, காலையாவது காட்டு என்றார் வார்டன். எங்களுடைய செருப்புகள் அவருக்கு மனப்பாடம். நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, காலை மடக்கி இருக்கை மேல் வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தோம். வெளிச்சம் எங்கள் வரிசையின் தரையை மெதுவாகத் தடவிக்கொண்டு போனது.

"இந்த வரிசையில காலே இல்லீங்க மேடம்" என்று மாமா மிகுந்த துக்கத்தோடு அறிவித்தார். வார்டன் போய்விட்டார். நான் பட்டம் வாங்கியதில் அந்தப் பொய்க்கும் ஒரு பங்கு உண்டு.

பிறகு தியேட்டரை மூடிக் கல்யாண மண்டபம் ஆக்கினார்கள். மாமாவுக்கு வேலையும் போயிற்று, தியேட்டருக்குப் பின்னால் படுத்துக்கொள்ளக் கொடுத்திருந்த அறையும் போயிற்று. மனைவி போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. பிள்ளைகள் கிடையாது. அதற்குள் நான் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கடலூரில் வீடு வாங்கி, தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். எங்கள் பில்டிங் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறது. கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே மூன்று மாடி, மொத்தம் ஒன்பது வீடு, லிஃப்ட் கிடையாது. நான் அசோசியேஷன் செக்ரட்டரி. வேறு யாரும் சம்மதிக்காததால் அந்தப் பதவி எனக்கு வந்தது. வாட்ச்மேன் வேலைக்கு மாமாவைக் கூட்டிவந்தேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கொடுத்தோம். கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். மாமாவுக்கு அது போதுமாக இருந்தது. இந்தப் பூமியில் அவருடையது என்று சொல்ல அந்த ஓர் இடம்தான் இருந்தது.

போன வருஷம் அடுத்த தெருவில் பூட்டிக்கிடந்த வீட்டில் திருடன் புகுந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தலைவர் கரீம் பாய் வீட்டில் அவசரக் கூட்டம் போட்டோம். கரீம் பாய் சவூதியில் வெகுகாலம் இருந்துவிட்டு வந்து இங்கே பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். குடியிருப்பது மூன்றாவது மாடி. வீட்டுக்கு ஒரு டார்ச் வாங்குவது, அது திருடனுக்கும் உதவ வேண்டும், கரண்ட் போனால் அடுப்பங்கரைக்கும் உதவ வேண்டும் என்று பேச்சு. திருடனுக்கு உதவுவது என்றால் என்ன அர்த்தம் என்று அப்போது எங்களுக்குத் தெளிவாகத்தான் இருந்தது.

பாய் மேஜைமேல் ஒரு டார்ச்சை வைத்தார். மகன் ரியாத்திலிருந்து அனுப்பியது. கருப்பாக, கனமாக, வாயைச் சுற்றிப் பல் வைத்திருந்தது.

"இத மூஞ்சில அடிச்சா அஞ்சு நிமிஷம் கண்ணு தெரியாது. பத்தலன்னா இதாலயே மண்டையில போடலாம். பவர் ரொம்ப ஜாஸ்தி" என்றார்.

இந்த விஷயத்தில் அனுபவஸ்தர் என்பதால் மாமாவையும் மேலே கூப்பிட்டிருந்தோம். அவர் டார்ச்சை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாய், கண்ண மூடிக்கிட்டு ஒரு வாட்டி ஏத்தி அணைச்சுக் காட்டுங்க."

பாய் கண்ணை மூடி அமுக்கினார். பிரமாதமாக எரிந்தது. அணைக்க அமுக்கினார், மங்கலாக எரிந்தது. இன்னொரு தடவை அமுக்கினார், விட்டுவிட்டு எரிந்தது. அடுத்த தடவை அதைவிட வேகமாக மின்னியது. அந்த நேரம் பார்த்து டீத் தட்டோடு வந்த பாயின் மனைவி ரஹீமாக்கா முகத்தில் மொத்தமும் போய் விழுந்தது.

"யா அல்லா! என்னாங்க இது, ஆம்புலன்ஸா?" என்று அவர் சுவரைத் தடவித் தடவித் தட்டைக் கீழே வைத்தார்.

மாமா சிரிக்கவில்லை. டார்ச் விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "பாதித் தூக்கத்துல எடுக்கற சாமான் பாய் இது. ஒரே பட்டன் இருக்கணும். அமுக்கினா எரியணும், திரும்ப அமுக்கினா அணையணும். நழுவாம இருக்கக் கயிறு இருக்கணும். தலகாணிகிட்ட ஒண்ணு, மெயின் போர்டுகிட்ட ஒண்ணு வைக்கணும். பீரோவுல வெச்சுப் பூட்டறதுக்கு அது நகை இல்ல. மாசம் ஒரு வாட்டி செல்லக் கழட்டிப் பாக்கணும், இல்லன்னா கசிஞ்சு உள்ள பச்சையா பூத்துடும்."

"அதெல்லாம் சரி மாமா. திருடன் வந்தா?"

"வெளிச்சத்தப் பாத்தாலே அவன் போயிடுவான் பாய். மத்தபடி வருஷம் பூரா அது நம்ம காலுக்குத்தான?"

எல்லோரும் சிரித்தோம். பல் வைத்த டார்ச் ஒன்பது வாங்குவது என்று ஏகமனதாக முடிவாயிற்று. நானும் கை தூக்கினேன். என்னுடையதைப் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். மாமாவுக்குப் பாய் தன்னுடைய டார்ச்சையே கொடுத்தார். அவர் அதை அறையில் ஆணியில் மாட்டிவிட்டுத் தன் ரெண்டு செல்லையே வைத்துக்கொண்டார்.

ஐப்பசியில் ஒரு நாள் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். நல்ல மழை, கரண்ட் இல்லை. நான் சிதம்பரத்திலிருந்து வரும் பஸ்ஸில் இருந்தேன். எங்கள் பில்டிங்கின் இரண்டாவது மாடியிலிருந்து ஒருவன் தோளில் கேஸ் சிலிண்டரோடு கும்மிருட்டில் இறங்கியிருக்கிறான். காலடிச் சத்தம் கேட்டதும் மாமா அறையிலிருந்து எழுந்து ஓடினார். ஓடிப்போய் அவன் காலடியில் டார்ச் காட்டினார்.

"பாத்து வாங்க, படி. இன்னொரு படி. திருப்பம் வருது. கீழ தண்ணி நிக்குது, ஓரமா வாங்க."

வாசல்வரை கொண்டுபோய் விட்டு, கேட்டையும் திறந்துவிட்டார். "ரொம்ப தேங்ஸ் மாமா" என்று அவனும் மரியாதை குறையாமல் சொல்லிவிட்டுப் போனான். மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து கரீம் பாய் இந்த உபசாரத்தை முழுக்கக் கேட்டிருக்கிறார். யார் வீட்டு விருந்தாளியோ என்று நினைத்தாராம்.

அது என் சிலிண்டர். முந்தின நாள்தான் வந்தது, சீல்கூடப் பிரிக்காமல் வீட்டு வாசலிலேயே வைத்திருந்தேன். எனக்குச் சாதாரண நாளிலேயே மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர், "ஆள் எப்பிடி இருந்தான்?" என்று கேட்டார்.

"எடது கால் கட்ட வெரல் நகம் கருத்திருந்துச்சு சார். குதிகால்ல வெடிப்பு. நீலக் கலர் செருப்பு, வலதுல வாரு தச்சிருக்கு."

"மூஞ்சி?"

"அத நான் எதுக்கு சார் பாக்கணும்?"

போலீஸ்காரர் பேனாவை மூடிவிட்டார்.

மறுநாள் கூட்டத்தில் கரீம் பாய் கொதித்தார். "அவ்ளோ பெரிய டார்ச் குடுத்தோம்ல? மூஞ்சில அடிச்சிருக்கலாம்ல?"

"படியில எறங்கறவங்க மூஞ்சில அடிச்சா உருண்டுடுவாங்க பாய். தோள்ல சிலிண்டர் வேற."

"அவன் திருடன்யா!"

"அது கரண்ட் வந்தப்புறந்தான பாய் தெரிஞ்சுது?"

அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. நியாயமாக இருந்ததாலேயே கோபம் இன்னும் அதிகமாயிற்று. அறையைக் காலி செய்ய ஒரு வாரம் தருவது என்று நோட்டில் எழுதினார்கள். தலைவர் கையெழுத்துக்குக் கீழே செக்ரட்டரி கையெழுத்து வேண்டும். அந்த அறையை விட்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை என்று அங்கிருந்த எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். போட்டேன்.

ஒரு வாரம்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நாளே தகரப் பெட்டியைக் கட்டிவிட்டார். பல் வைத்த டார்ச்சைத் துடைத்துப் பாயிடம் கொடுத்தார். என் வாசலில் வந்து நின்று, "சிலிண்டருக்கு மன்னிச்சுக்கமா" என்றார். நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு "சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என்னைப் பிடிக்காமல் போகிறது.

மூன்று வாரம் போயிருக்கும். மறுபடி மழை, மறுபடி கரண்ட் இல்லை. பாய் வீட்டிலிருந்து கூச்சல். ரஹீமாக்காவுக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வியர்த்துக் கொட்டுகிறது. கீழே ஆட்டோ நிற்கிறது. அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் பாயும் பின்னால் நானுமாகத் தூக்கினோம். எங்கள் பில்டிங்காரர்கள் நல்லவர்கள். எல்லோரும் உதவிக்கு ஓடிவந்தார்கள், டார்ச்சோடு. யார் எந்தப் படியில் நின்றாலும் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அடித்தார்கள். மின்னினது இரண்டு. எனக்கு ரஹீமாக்காவின் முக்காட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"லைட்ட அணைங்கய்யா!" என்று பாய் கத்தினார்.

"அணைய மாட்டேங்குது பாய்!"

இரண்டாவது மாடித் திருப்பத்தில் பாய் படியைத் தவறவிட்டார். நாற்காலி சாய்ந்தது. ரஹீமாக்கா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டதால் தப்பினார். பாய்க்குக் கணுக்கால் முறிந்தது. அந்த நெஞ்சு வலியோடு ரஹீமாக்கா, "அந்த மாமா இருந்திருந்தா இந்நேரம் கீழ போயிருப்போம்" என்றார்.

ரஹீமாக்கா நல்லபடியாக வீடு திரும்பினார். பாய் கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்து வைத்திருந்தார். "நான் நேர்ல போயிதான் கேக்கணும். காலு இப்பிடி ஆயிப்போச்சு. நீ போயிக் கூட்டியாம்மா." எனக்கு வெட்கமாக இருந்தது. இதை நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னிடம் சொல்கிறார்.

மாமா சிதம்பரத்தில் அதே பழைய தியேட்டரில், அதாவது கல்யாண மண்டபத்தில் இருந்தார். முகூர்த்த நாட்களில் வாசலில் செருப்புப் பார்த்துக்கொள்ளும் வேலை. மற்ற நாட்களில் மச்சான் வீட்டு வராந்தாவில் படுக்கை. நான் போய் முன்னால் நின்றேன். அவர் நிமிரவில்லை.

"என்னாமா, இன்னிக்கு ஆபீஸ் லீவா?" என்றார், என் காலைப் பார்த்துக்கொண்டே.

"வீட்டுக்கு வாங்க மாமா. பாய் கூப்பிடறாரு. படியில விழுந்து கால் ஒடஞ்சு கெடக்கறாரு."

"எந்தப் படியில?"

"ரெண்டாவது மாடித் திருப்பத்துல."

"அங்க ஒரு படி மட்டும் ஒசரம் ஜாஸ்தி. வந்த அன்னிக்கே சொன்னேன்." கொஞ்சம் யோசித்து, "சிலிண்டர் கெடச்சுதா?" என்றார்.

"இல்ல. அது போனா போவுது. தப்பு பண்ணது நான்தான் மாமா. கையெழுத்துப் போட்டேன்."

அவர் ஒரு ஜோடிச் செருப்பை எடுத்து நேராக வைத்தார். "மத்தியானப் பந்தி முடியட்டும்மா. இத்தினி பேரு செருப்ப வுட்டுட்டு வர முடியாது."

பந்தி முடியும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மச்சான் வீட்டுக்குப் போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு, நாங்கள் கடலூர் வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. வழக்கம்போல் கரண்ட் இல்லை. மாமாவுக்கு இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும்படி தகரப் பெட்டி. டார்ச் அதற்குள் இருந்தது. நான் முன்னால் போய்க் கேட்டைத் திறந்து, செல்போன் லைட்டைப் போட்டு நேரே அவரைப் பார்த்து அடித்தேன்.

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "மூஞ்சில அடிக்காதமா. கீழ காட்டு, படி இருக்குல்ல?"

கீழே காட்டினேன். அவர் திரும்பி வந்துவிட்டார் என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொள்ளத்தான் அப்படி அடித்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். "பாத்து வாங்க மாமா, படி" என்றுதான் வந்தது.