நடுவில் கிடந்த ஹைட்ரஜன்

பிரபஞ்சம் ஒழுங்காக இயங்குவதற்குக் காரணம் ஈர்ப்புவிசை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறு. எங்கள் ரேடியோ வானியல் ஆய்வகத்தின் நிர்வாகக் குழுதான் காரணம். அதன் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வானத்தில் இரண்டு கேலக்ஸிகள் மோதிக்கொண்டிருக்கின்றன. மோதல் தொடங்கிப் பல கோடி வருஷமாகிறது, எங்களுக்கும் அவசரமில்லை. 'நிர்வாக வசதி' கருதி, இடது கேலக்ஸிக்கு ஒரு துறை, வலது கேலக்ஸிக்கு ஒரு துறை என்று பிரித்தோம். இரண்டு துறைத் தலைவர்களும் சம்பந்திகள். ஆகையால் பேச்சுவார்த்தை கிடையாது.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தற்காலிக ஆய்வாளராக வந்த பெண், யாரையும் கேட்காமல் ஆண்டெனாவை இரண்டுக்கும் நடுவே திருப்பிவிட்டாள். வெறும் இருட்டு என்று நாங்கள் முடிவு செய்து வைத்திருந்த இடத்தில், மோதலில் பிய்ந்து வந்த ஹைட்ரஜன் வாயு ஒரு பாலமாக நீண்டு கிடந்தது. கண்ணுக்குத் தெரியாது, ரேடியோ அலையில் மட்டும் தெரியும்.

"சார், இது கட்டுரையா வந்தாத்தான் என் வேலைய நீட்டிப்பாங்க. இந்த மாசத்தோட முடியுது. ஒரே ஒரு கையெழுத்து சார்" என்றாள்.

நானா கையெழுத்துப் போடுகிறவன்? கூட்டம் போட்டேன்.

"இது எங்க பக்கத்துலேருந்து போன வாயு. கட்டுரைல அவர் பேர் வரக்கூடாது" என்றார் இடதுதுறை.

"அவங்க பக்கத்துலேருந்து என்னைக்குங்க எது வந்திருக்கு? கல்யாணத்துலயே பார்த்தோமே!" என்றார் வலதுதுறை.

"கல்யாணத்தப் பத்திப் பேசாதீங்க, சம்பந்தி!"

அந்தப் பெண் எழுந்தாள். "ரெண்டு பக்கத்து வாயுவும் கலந்துபோச்சு சார். இனிமே பிரிக்க முடியாது."

குழுவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அனுமதியில்லாமல் கலப்பதா! உடனே ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது: எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத அலை 'இடையூறு' எனக் கருதப்படும், கருதப்பட்ட பின் பதிவிலிருந்து அழிக்கப்படும்.

கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சம்பந்திகள் கைகுலுக்கினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண்ணுக்கும்தான், காரணம் வேறாக இருக்கலாம். அழிக்கும் வேலையை அவளிடமே ஒப்படைத்தோம். இடம் தெரிந்தவள் அவள் ஒருத்திதானே! மாசக் கடைசியில் மேஜையைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள்.

போன வாரம் வேறொரு ஆய்வகம் அதே பாலத்தைக் கண்டுபிடித்ததாம். உலகமே கொண்டாடுகிறது. எங்களிடமும் ஒரு நிருபர் வந்தார்.

"உங்க ஆண்டெனா அவங்களோடதவிடப் பெரிசாச்சே சார், இது உங்க கண்ணுல படவே இல்லையா?"

ஆய்வகத்தின் மானம் என் கையில். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்:

"படாம என்ன? அவங்க கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே நாங்க அழிச்சாச்சு!"